மிஷனரி பிள்ளைகளின் விடுதியும் நம் மாவட்ட விடுதிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் தருமபுரி வாசகர் ஒருவர், நம் பகுதித் திருச்சபைகள் சில, பட்டம் முடித்த இளைஞர்களை வெளிநாட்டுக் கிறிஸ்தவ உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பி, அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் மிஷனரி பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளச் செய்வதைக் குறைகூறி எழுதியிருந்தார். உள்ளூர் விடுதிகளில் நம் பிள்ளைகளை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லாதபோது, வசதி படைத்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆயா வேலை பார்க்க விமானம் ஏறுவது என்ன ஊழியம் என்பது அவர் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த வேலையைப் பற்றிய கணிப்புதான் சரியில்லை. நானும் என் கணவரும் தென்கிழக்காசிய நாடொன்றில் அத்தகைய பள்ளி ஒன்றின் விடுதியில் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் வசிக்கிறோம். ஆகவே இதுபற்றிச் சற்று விரிவாகவே எழுத இடம் தர வேண்டுகிறேன்.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க, ஐரோப்பியப் பிள்ளைகள் உண்டு என்றாலும், ஆசியாவில் உள்ள இத்தகைய பள்ளிகளில் தென்கொரியப் பிள்ளைகள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். எங்கள் விடுதியில் பிலிப்பைன்ஸ் பிள்ளைகளும், மிசோரம், நாகாலாந்திலிருந்து வெளிநாடு சென்ற குடும்பங்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். பெற்றோர் மலைக்கிராமங்களில் மருத்துவம் பார்ப்பவர்கள், எழுத்தில்லாத மொழிக்கு எழுத்து அமைத்து வேதாகமத்தை மொழிபெயர்ப்பவர்கள், சிறு பள்ளிகளை நடத்துபவர்கள். அவர்களுடைய வருமானம், சொந்த நாட்டுச் சபைகள் மாதந்தோறும் அனுப்பும் காணிக்கைதான். ஒரு சபை கைவிட்டால் அந்த மாதம் வீட்டில் துண்டு விழும். தொடக்க வகுப்புகள்வரை தாயே வீட்டில் வைத்துக் கற்பித்துவிடுவார். அதற்கு மேல் படிக்க அருகில் பள்ளி இல்லை என்ற நிலையில்தான் பிள்ளை பெட்டியோடு விடுதிக்கு வருகிறது. இவர்களை வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததும் அல்ல. மிஷனரிகளின் பெண் பிள்ளைகளுக்கென 1838இலும் ஆண் பிள்ளைகளுக்கென 1842இலும் லண்டனில் பள்ளிகள் தொடங்கப்பட்டன. சீனாவின் சீஃபூவில் 1881இலும், நம் குன்னூரில் 1899இலும், கொடைக்கானலில் 1901இலும், கென்யாவின் கிஜாபேயில் 1906இலும் இவ்வகைப் பள்ளிகள் எழுந்தன. குன்னூரில் தொடங்கிய ஹெப்ரான் பள்ளி இப்போது உதகையில் நடக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலிருந்தும் வைத்தியத்துக்காக வேலூர் சி.எம்.சி.க்குப் பேருந்து ஏறாத குடும்பம் குறைவு; அந்த மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர், 1870இல் ராணிப்பேட்டையில் மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகளாகப் பிறந்து, பெற்றோர் இந்தியாவில் இருக்க, அமெரிக்காவில் உறவினர் வீட்டிலும் விடுதிப் பள்ளியிலும் வளர்ந்த பெண்தான்.

அக்காலத்தில் ஆறு, ஏழு வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்து அனுப்பினார்கள். பிரிவு என்பது ஊழியத்தின் விலை என்று பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த விலையைக் கட்டப்போகும் பிள்ளையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சீஃபூ பள்ளியை இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கைப்பற்றி, ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் 1943இல் சீனாவிலேயே இருந்த வெய்ஷியன் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். 1945 ஆகஸ்டில் விடுதலை வரும்வரை பெற்றோரைக் காணாமலே வளர்ந்த பிள்ளைகள் அங்கே பலர். அதே முகாமில் அகப்பட்டிருந்தவர் எரிக் லிடெல். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். ஞாயிறு கடவுளுக்குரிய ஓய்வுநாள் என்ற கொள்கையால், 100 மீட்டர் தகுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்பதற்காக அதில் ஓட மறுத்தவர். அவரே சீனாவில் பிறந்த மிஷனரி பிள்ளை. மேலே சொன்ன 1842ஆம் ஆண்டுப் பள்ளியின் விடுதியில் வளர்ந்தவர். கர்ப்பிணியான மனைவியையும் பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியே சிக்கிக்கொண்ட அவர், முகாமில் பிறர் பெற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, விளையாட்டு நடத்தி, எரிக் அங்கிள் ஆனார். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் கிடையாது என்பது ஏற்பாடு. அன்று செய்வதற்கு ஒன்றுமில்லாத பிள்ளைகள் தாமாகவே ஹாக்கி ஆடி அடிதடியில் முடித்தபோது, அடுத்த ஞாயிறு அவரே நடுவராக வந்து நின்றார் என்று முகாமில் இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒலிம்பிக் பதக்கத்துக்காகத் தளர்த்தாத கொள்கையைப் பிள்ளைகளின் சண்டைக்காகத் தளர்த்தியவர், 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக் கட்டியால் அங்கேயே இறந்தார். விடுதிக்கு ஆள் எடுப்பவர்கள், விண்ணப்பதாரரின் சான்றிதழ்களைப் புரட்டுவதற்கு முன் இந்த ஒரு செய்தியை அவரிடம் சொல்லி, அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர்மாறானதும் நடந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்தப் பள்ளிகளின் பெருமை பேசுவது நேர்மையாகாது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் மாமு என்னும் ஊரில் மிஷனரி பிள்ளைகளுக்காக நடந்துவந்த பள்ளி 1971இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள் நடுவயதை எட்டிய பிறகு, தாங்கள் அனுபவித்த அடி உதையையும் பாலியல் கொடுமையையும் வெளியே சொல்லி, மிஷன் அமைப்பை விடாமல் வற்புறுத்தி விசாரணைக் குழு அமைக்க வைத்தார்கள். 1998இல் வந்த அறிக்கை அவர்கள் சொன்னதை உறுதிசெய்தது. பெற்றோருக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அந்நாளில் இத்தகைய விடுதிகள் பலவற்றில் ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவது கட்டாயம். விடுதியார் படித்துப் பார்த்த பிறகே கடிதம் தபாலுக்குப் போகும் வழக்கமும் இருந்தது. யாரைப் பற்றி முறையிட வேண்டுமோ அவர் கையிலேயே கடிதத்தைக் கொடுக்க வேண்டிய பிள்ளை, நலம், நலமறிய ஆவல் என்று எழுதாமல் வேறென்ன எழுதும்?

இப்போது வேலையைப் பற்றி. அதில் பட்டியலிட்டு எழுதக்கூடியது கொஞ்சம்தான். காலையில் எழுப்புதல், மருந்து கொடுத்தல், வீட்டுப்பாட நேரம், விளக்கணைப்பு ஆகியவற்றை எந்தக் காப்பாளரும் செய்துவிடுவார். பதினைந்து இருபது பிள்ளைகளுக்கு ஒரு தம்பதி என்று பொறுப்பேற்று, அவர்களோடு ஒரே கூரையின் கீழ் குடியிருப்பவர்களின் நாளை நிரப்புவதோ பட்டியலில் ஏறாத மிச்சம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கல்வியாண்டு முடிகிற மே மாதக் கடைசியில், ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொண்டு திரிந்த இரண்டு பெண்கள், ஒரு ஹேர் டிரையருக்காகப் பேச்சை முறித்துக்கொண்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இது ஒழுங்குக் குறைவாகத் தெரியும். அந்த இருவரில் ஒருத்தியின் குடும்பம் அடுத்த மாதம் ஊழியத்தை முடித்துக்கொண்டு கொரியாவுக்கே திரும்புவதாக இருந்தது. சிறு வயது முதல் விமான நிலையங்களில் கையசைத்தே பழகிய பிள்ளைகள், இப்போதே பகைத்துக்கொண்டால் அப்புறம் வலிக்காது என்று தங்களை அறியாமலே கணக்குப் போடுகிறார்கள். நான் விசாரணை எதுவும் வைக்கவில்லை. இருவரையும் சமையலறைக்குக் கூப்பிட்டு, சனிக்கிழமை இரவுத் தோசைக்கான மசாலாவுக்கு ஆளுக்கு ஒரு தட்டு வெங்காயம் நறுக்கக் கொடுத்தேன். அழுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. வெங்காயம் தீர்ந்த பிறகும் அழுதார்கள். அதன்பின் அந்தத் தோசையைக் கொரிய ஊறுகாயான கிம்ச்சி வைத்துத் தின்றார்கள், அதை நான் கண்டுகொள்ளவில்லை.

மிஷனரி பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய சுமை ஒன்றும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அதுதான். அப்பா துபாயில் சம்பாதிக்கப் போனதால் விடுதியில் விடப்பட்ட பிள்ளை, அப்பாவிடம் கோபித்துக்கொள்ளலாம். உனக்குப் பணம்தான் பெரிதா என்று கேட்டுவிடலாம். கடவுளின் வேலைக்காக அப்பா தொலைவில் இருக்கிறார் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை யாரிடம் கோபித்துக்கொள்ளும்? வீட்டு நினைவு வருகிறது என்று சொன்னாலே ஊழியத்துக்குக் குறுக்கே நிற்பதாகிவிடும் என்று அது நினைக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு டெங்குக் காய்ச்சல். தாய்க்குத் தெரிவிக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மன்றாடினான். தாய் மலைக்கிராமம் ஒன்றில் மருத்துவச் செவிலியர். "அம்மா கிளினிக்கை விட்டுவிட்டு வந்தால் அங்கே ஒரு குழந்தை செத்துப்போனாலும் அது என்னால்தான்" என்றான். பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொண்ட பாரம் அது. தாய்க்கு அன்றே தெரிவித்தோம். அவர் ஒரு பகல், ஓர் இரவு பயணம் செய்து வந்து, அவன் எழுந்து உட்காரும்வரை கூடவே இருந்துவிட்டுப் போனார். கிளினிக் அதனால் ஒன்றும் மூடப்படவில்லை. அந்தப் பையனுக்கு எந்தப் பிரசங்கத்தையும்விட இது உதவியது என்றே நினைக்கிறேன்.

இந்தச் சுமையைக் கூட்டுவதில் சபைகளுக்கும் பங்குண்டு. விடுமுறைக்கு ஊர் வரும் மிஷனரி குடும்பத்தை மேடையேற்றி, பிள்ளைகளை அந்நிய மொழியில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, கைதட்டி, ஜெபக் கடிதங்களில் அவர்கள் படத்தைப் போட்டு மகிழ்கிறோம். எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் சோர்ந்து தெரிந்தால் அப்பாவுக்குக் காணிக்கை குறையும் என்று பத்து வயதிலேயே கற்றுக்கொண்ட பிள்ளைகளை நான் அறிவேன். ஆகவே விடுதியில் இருக்கும் பெரியவர், பிள்ளை சிரிக்காமலும் ஜெபிக்காமலும் இருக்கக்கூடிய ஓரிடத்தைத் தர வேண்டும். விசுவாசத்தைப் பற்றிய கேள்வியைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாலை ஜெபத்தில், பகலில் நடந்த தவற்றைக் கடவுளிடம் சொல்வதுபோல் பிள்ளைக்குக் குத்திக் காட்டும் பெரியவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நம் ஊரிலும் கேட்டிருக்கிறேன். அதற்குப் பெயர் ஜெபம் அல்ல.

பெற்றோரின் இடத்தைப் பிடிக்க முயல்வதும் கேடுதான். பிள்ளைகள் எங்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் அழைத்தார்கள். அம்மா என்று அழைக்க ஆசைப்படும் பிள்ளையைக்கூட அதற்கு விடக் கூடாது, அம்மா உயிரோடு, ஏக்கத்தோடு, வேறொரு மலையில் இருக்கிறார். தொலைபேசியில் பெற்றோர் வரும்போது நம் வேலை, இணைப்புக் கிடைக்கச் செய்துவிட்டு அறையைவிட்டு வெளியே போவது. பிள்ளையோடு தனியே பேச வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும் தொலைவில் இருக்க வேண்டும் என்ற விதி இன்று பெரும்பாலான பள்ளிகளில் உண்டு. புதியவர்கள் சிலர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். மாமுவின் கதையை அறிந்தவர்கள் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பள்ளி இறுதியாண்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் இந்தப் பிள்ளைகள் கடவுச்சீட்டில் உள்ள நாட்டுக்குப் போகிறார்கள். அது அவர்கள் விடுமுறைக்கு மட்டும் பார்த்த நாடு. நம் ஊர்ப் பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் கேட்கும் முதல் கேள்வியான எந்த ஊர் என்பதற்கு அவர்களிடம் ஒற்றை வரியில் பதில் இல்லை. 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசிம்தான் இவர்களுக்கு மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று பெயரிட்டார்; பெற்றோர் நாட்டுப் பண்பாடும் வளர்ந்த நாட்டுப் பண்பாடும் சந்திக்கும் மூன்றாவதொன்றில் வளர்பவர்கள் என்பது பொருள். வங்கிக் கணக்குத் தொடங்குவது முதல் குளிர்கால உடுப்பு வாங்குவதுவரை கடைசி ஆண்டில் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த வாசகரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒரு பகுதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். கல்லூரி முடித்து, வேலைக்குக் காத்திருக்கும் இடைவெளியில், ஓராண்டு வெளிநாட்டு ஊழியம் என்று இளைஞர்களை அனுப்புவதை நம் சபைகள் நிறுத்த வேண்டும். பயணச் செலவு ஒருபுறம் இருக்கட்டும். தன் வாழ்வில் வந்து வந்து போனவர்களின் பெயர்களையே நினைவில் வைத்திருக்கும் பிள்ளையிடம், இன்னொருவர் வந்து, நம்பிக்கையைப் பெற்று, பத்து மாதத்தில் விடைபெறுவது உதவியே அல்ல. மூன்றாவது, நான்காவது முறை அது நடக்கும்போது, பிள்ளை மரியாதையாகப் பேசிக்கொண்டே யாரையும் அண்டவிடாமல் இருக்கப் பழகிவிடும். அது வளர்ந்து திருமணமான பின்னும் அந்தப் பழக்கம் போவதில்லை என்று முன்னாள் மாணவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் உயர்நிலையில் சேர்ந்து வெளியேறும்வரை இருக்க முடிந்தவர்களையே அனுப்ப வேண்டும். அனுப்புமுன் இங்கேயே ஏதாவது ஒரு விடுதியில் ஓராண்டு வேலை செய்யச் சொல்ல வேண்டும். சபையில் நன்றாகப் பாடுகிறார், பக்தியானவர் என்ற போதகரின் சான்று மட்டும் போதாது. முன்பு பிள்ளைகளோடு வேலை செய்த இடத்தில் நேரில் விசாரிக்க வேண்டும். தம்பதியாகப் போகிறவர்கள், தங்கள் சொந்தப் பிள்ளைகள் அம்மா அப்பாவை இருபது பேரோடு பங்கிட்டுக்கொள்ள நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விமானம் ஏறாமலே செய்யக்கூடிய அதே வேலை இங்கே இருக்கிறது என்பதும் உண்மை. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது முதல், தமிழ்நாட்டிலிருந்து வடமாநிலங்களுக்கு ஊழியர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் டோனாவூர் சந்தோஷ வித்யாலயா போன்ற தமிழ்நாட்டு உறைவிடப் பள்ளிகளில்தான் வளர்கிறார்கள். கொரியப் பிள்ளைக்காக இரங்கும் சபை, ஒடிசாவில் இருக்கும் தமிழ் ஊழியரின் பிள்ளையை ஒரு தீபாவளி விடுமுறைக்காவது வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டதுண்டா?

மதத்தைத் தாண்டியும் இதைப் பார்க்க வேண்டும். சித்தேரி, பென்னாகரம், ஏரியூர், அஞ்செட்டி, தளிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போய்விட, நல விடுதிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளிகளிலும் வளரும் பிள்ளைகள் நம் இரு மாவட்டங்களிலும் உண்டு. மதிப்பெண்ணுக்காகப் பணம் கட்டிச் சேர்க்கும் தனியார் உறைவிடப் பள்ளிகளின் கதை வேறு. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளைக்கு வரும் தனிமை வேறல்ல. சட்டங்கள் இல்லாமல் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது; குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காதவர் தண்டனைக்கு உரியவர் என்று அது சொல்கிறது. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. அதை அழைப்பதற்கான தொலைபேசி, பல இடங்களில், பூட்டிய அலுவலக அறைக்குள் காப்பாளரின் மேசைமேல் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் சீர்திருத்தம் அல்ல. காப்பாளர் வருகைப் பதிவேட்டையும் அரிசிக் கணக்கையும் பார்க்கட்டும். அவரைத் தவிர, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்கள் பெயர், ஊர், தம்பி தங்கை, எப்போது வீட்டுக்குப் போனார்கள் என்பதை அறிந்துவைத்திருப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் ஒவ்வொரு விடுதிக்கும் வேண்டும். அவரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றக் கூடாது. அவரைக் கண்காணிக்க விடுதிக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும். நம் இரு மாவட்டங்களிலும் ஓய்வுபெற்ற ஆசிரிய ஆசிரியைகள் எத்தனையோ பேர் உடல்நலத்தோடு இருக்கிறோம். உரிய விசாரணைக்கும் பயிற்சிக்கும் பிறகு வாரத்தில் சில மாலைகளை இதற்குத் தரக்கூடியவர்கள் எங்களில் கிடைப்பார்கள். மாவட்ட நிர்வாகம் இதை ஒரு விடுதியிலாவது தொடங்கிப் பார்க்கலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மே மாதம் வந்தால் பள்ளிச் சேர்க்கை விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அவற்றின் நடுவே, விடுதியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம். இரவில் பிள்ளைகளின் கட்டடத்தில் தங்கும் பெரியவர் யார், அவர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார், அவருக்கு முன் இருந்தவர் ஏன் போனார், யாரும் பக்கத்தில் நில்லாமல் பிள்ளை வீட்டுக்குப் பேச முடியுமா, காய்ச்சல் என்றால் எத்தனை மணி நேரத்துக்குள் எங்களுக்குச் சொல்வீர்கள், பிள்ளைக்குக் குறை இருந்தால் விடுதிக்கு வெளியே யாரிடம் போக வேண்டும் ஆகியவற்றை ஆய்வகம், நீச்சல் குளம் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்கச் சொல்லுங்கள். இடம் இருந்தால் கன்னடத்திலும் தெலுங்கிலும் போட்டால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெற்றோருக்கும் உதவும். மொழிபெயர்த்துத் தர என் கணவர் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிருஷ்ணகிரி